மயிரிழை வெடிப்பு

கோடாலியைக் கையில் கொடுப்பதற்கு முன் என் அப்பா ஆறு மாத காலம் சாணைக்கல்லை மட்டுமே கொடுத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. விடியற்காலையில் கல்லை நனைத்து வைத்துக்கொண்டு, அன்று மரம் வெட்டப் போகும் ஆட்களின் கோடாலிகளை ஒவ்வொன்றாகத் தீட்ட வேண்டும். தீட்டி முடித்ததும் அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி, வாயைச் சூரியனுக்கு நேரே திருப்பிப் பார்ப்பார். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மின்னினால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். கூர் சரியாக ஏறிய இரும்பில் வெளிச்சம் நிற்க இடம் இருக்காது. மழுங்கிய இரும்புதான் மின்னும். "பளபளக்கிற வாய் வெட்டாதுடா தம்பி" என்பார்.

அந்த ஆறு மாதமும் எனக்கு மனக்குறைதான். என் வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஏற்கெனவே முந்திரித் தோப்பில் கிளை கழித்துக் கூலி வாங்கத் தொடங்கியிருந்தார்கள். நான் மட்டும் கல்லின் முன் குந்தியிருந்தேன். இன்று எழுபதைத் தாண்டிய பிறகு கணக்குப் பார்த்தால், என் பிழைப்பு முழுவதையும் தாங்கி நின்றது அந்த ஆறு மாதம். கையில் வந்த தொழில் பின்னால் எத்தனையோ முறை மாறியது. கோடாலி போய் பட்டை ரம்பம் வந்தது, பிறகு சங்கிலி ரம்பம், அதற்கும் பிறகு டிராக்டரில் மாட்டும் விறகு பிளக்கும் இயந்திரம். வாயைப் பார்க்கும் கண் மட்டும் மாறவில்லை.

பிள்ளைகளே, ரெட்டிபாளையத்துப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரை வெளியுலகம் சிமெண்ட் ஆலையாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தாலும்தான் அறியும். இரவும் பகலும் லாரி ஓடும் ஊர். ஆனால் கல்லுக்கு மேலே ஒரு சாண் மண் இருந்தாலும் மரம் முளைக்கும். வேம்பு, புளி, பூவரசு, வாகை, கருவேலம், இவற்றுக்கு நடுவே எங்கும் அடர்ந்த சீமைக்கருவை. அந்த மரங்களை அறுத்தும் பிளந்தும் வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் மாவட்டத்தின் பெயர் என் காலத்திலேயே திருச்சிராப்பள்ளியாக இருந்து, 1995-இல் பெரம்பலூராகி, 2001-இல் அரியலூராகி, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூராகி, 2007-இல் மறுபடி அரியலூரானது. மரத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அது தன் வளையத்தை ஆண்டுக்கு ஆண்டு போட்டுக்கொண்டே இருந்தது.

கோடாலியில் இரண்டு சாதி உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தைச் சாய்க்கிற கோடாலி மெலிந்த வாய் உடையது. அது நாரை அறுக்க வேண்டும். விறகு பிளக்கிற கோடாலி கன்னம் புடைத்தது. அது நாரை விலக்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் வாங்கப் பார்ப்பவன் நண்பகலுக்குள் தோள் வலியோடு உட்கார்ந்துவிடுவான். பிளப்பதற்கு முன் கட்டையின் வெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். காய்ந்த கட்டை எங்கே திறக்க விரும்புகிறதோ அங்கே நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு விட்டிருக்கும். அந்தக் கோட்டில் போட்டால் இரண்டு அடியில் பிளக்கும். கணுவில் போட்டால் இருபது அடியிலும் பிளக்காது. புளியங்கட்டை மட்டும் தனி ரகம். அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதற்கு ஆப்பும் சம்மட்டியும்தான். கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டையைத் தேடி வந்து வாங்குவது அதனால்தான். எத்தனை ஆண்டு வெட்டினாலும் அது பிளந்துகொள்ளாது.

ஆப்பசைத்த குரங்கின் கதையைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்பீர்கள். அது மரம் அறுப்பவர்களின் களத்தில் பிறந்த கதை. பாதி அறுத்த மரத்தின் இடைவெளி மூடிக்கொள்ளாமல் இருக்கச் செருகிய ஆப்பைத்தான் அந்தக் குரங்கு பிடுங்கியது. மரத்துக்குள் அடக்கி வைத்த விசை எவ்வளவு என்பது அதை நேரில் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஆப்பு இறங்கியிருக்கும்போது கையைப் பிளவுக்குள் விட்ட யாரையும் அப்பா அன்று மேற்கொண்டு வேலை செய்ய விட்டதில்லை. முழுக் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போனவர்கள் இரண்டாவது முறை கைவிட்டதில்லை. திட்டி அனுப்பியிருந்தால் மறந்திருப்பார்கள்.

மர அறுவை மில் வருவதற்கு முன் பலகை அறுத்தது குழியில். குழிக்கு மேலே மரத்தைக் கிடத்தி, காவி நூல் அடித்துக் கோடு போட்டு, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் நீண்ட வாளை இழுப்பார்கள். மேலே நிற்பவருக்குக் கோடு தெரியும். அவர் வாளைக் கோட்டில் பிடித்துக்கொண்டு தூக்குவார். கீழே நிற்பவர் இழுத்து அறுப்பார். அவருக்குக் கோடும் தெரியாது, வானமும் தெரியாது, முகத்தில் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். நான் மூன்று ஆண்டுகள் கீழே நின்றேன். பலகை நேராக வந்தால் மேலே நிற்பவரைப் பாராட்டுவார்கள். அப்போது அது எனக்கு அநியாயமாகத் தோன்றியது. மேலே நிற்கும் முறை எனக்கு வந்தபோதுதான் ஒன்று விளங்கியது. கீழே இருப்பவர் ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தால் மேலே எவ்வளவு திறமை இருந்தும் கோடு காப்பாற்ற முடியாது. பலகையின் நேர்மை குழிக்குள்ளே இருக்கிறவரின் தோளில் இருந்தது. பின்னாளில் நான் முதலாளியானபோது, மில்லில் யார் கண்ணுக்கும் படாமல் தூள் அள்ளுகிறவருக்கும் பட்டை தீட்டுகிறவருக்கும் ஒரே அளவு தீபாவளிப் பணம் கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள். நான் குழிக்குள் நின்றவன்.

மின்சாரம் வந்து மோட்டாரும் வந்தபோது எங்கள் தொழில் தலைகீழாகப் புரண்டது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் கோயம்புத்தூரில் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்த பிறகு, அந்த ஊரின் பட்டறைகள் தமிழ்நாட்டுக் கிணறுகளுக்கும் மில்களுக்கும் மோட்டார் அனுப்பிக்கொண்டே இருந்தன. எங்கள் மில்லுக்கு வந்ததும் கோயம்புத்தூர் மோட்டார்தான். அண்ணன் வட்ட ரம்பம் வாங்கலாம் என்றார். விலை குறைவு, பிடிப்பும் எளிது. நான் பட்டை ரம்பம் என்றேன். எங்கள் வாக்குவாதத்தை அப்பா ஒரு கரித்துண்டால் தீர்த்தார். தரையில் ஓர் அடி கனமுள்ள கட்டையை வரைந்தார். வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் கால் அங்குலத்தைத் தூளாக்கும். பட்டை ரம்பம் அரைக்கால் அங்குலம்தான் எடுக்கும். ஓர் அங்குலப் பலகையாக அறுத்தால் முதலாவதில் ஒன்பது பலகை, இரண்டாவதில் பத்து. "பத்தாவது பலகை யாரோடது?" என்று கேட்டார். மரம் கொண்டுவந்தவருடையது என்றேன். பட்டை ரம்பம் வாங்கினோம்.

அந்தக் கேள்வியை நான் இன்றும் எங்கும் கேட்கிறேன். தேவைக்கு மேல் அகலமாக அறுக்கும் கருவி, மழுங்கிய பல், கவனமில்லாத கை, இவை மூன்றும் அடுத்தவரின் பத்தாவது பலகையைத் தின்கின்றன. தின்றது யாருக்கும் தெரிவதில்லை. அது தூளாகிக் காற்றில் போய்விடுகிறது.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு நெடுநாள் மனம் வரவில்லை.

பட்டை ரம்பம் என்பது இரண்டு சக்கரங்களின் மேல் இழுத்துக் கட்டிய எஃகு நாடா. அதன் பற்களை ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே விரித்து வைப்பார்கள். அப்போதுதான் அறுத்த வழி நாடாவைவிடச் சற்று அகலமாகி, நாடா சிக்காமல் ஓடும். பல் மழுங்கினால் அறுப்பவன் மரத்தை அழுத்தித் தள்ளுவான். நாடா சூடேறும். பல்லின் அடிக்குழியில் முதலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு வரும். அதைக் கண்ட உடனே நாடாவைக் கழற்ற வேண்டும். வெடிப்பு சிறியதாக இருந்தால் அதன் நுனியில் ஒரு புள்ளி குத்தி மேலே பரவாமல் நிறுத்தலாம். பெரியதென்றால் அந்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

ஒரு தை மாதக் காலை. கல்யாண வீடு ஒன்றுக்குக் கதவுப் பலகை தர வேண்டிய நாள். நாடாவில் அந்த மயிரிழையைப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு வேப்பங்கட்டைதான் பாக்கி. அறுத்துவிட்டுக் கழற்றலாம் என்று நினைத்தேன். பாதிக் கட்டையில் நாடா அறுந்தது. கட்டையைத் தாங்கிய டிராலியின் பக்கம் நின்றவரின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அண்ணே என்று கூப்பிட்டவர். மருத்துவமனைச் செலவைச் செய்தேன். அவர் பெண்ணின் திருமணத்துக்கு முன்னின்றேன். மில்லில் கடைசிவரை வேலை கொடுத்தேன். இதில் எதையும் கடன் தீர்த்த கணக்காக நான் எழுதி வைக்கவில்லை. அவர் சாகிறவரை ஒருநாள்கூட அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தெரியாமல் செய்த தவறுக்கு அறிவு வந்தால் போதும். தெரிந்தே தள்ளிப்போட்டதற்கு எந்த அறிவும் மருந்தாகாது. நான் அன்று எத்தனை நிமிடம் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாடாவைக் கழற்றி வேறு நாடா மாட்ட அரை மணி நேரம் ஆகும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் இன்னொரு மில் போட ஆசைப்பட்டேன். இயந்திரத்துக்கு முன்பணமும் கொடுத்திருந்தேன். அப்போது நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளை வெட்டுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. மத்திய அரசின் அனுமதியின்றிக் காட்டு நிலத்தில் மர அறுவை மில் எதுவும் இயங்கக் கூடாது என்றது. பிறகு 2002-இல், புதிதாக மில் திறப்பதற்கே நீதிமன்றம் அமைத்த குழுவின் அனுமதி வேண்டும் என்றாயிற்று. எங்கள் ஊரில் காடு எது, தோப்பில் நிற்கும் மரம்தானே என்று அன்று நான் கொதித்தேன். முன்பணம் போனதுதான் போனது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, பிள்ளைகளே, அந்த ஆணை நியாயமானது. அறுக்கும் வேகம் வளரும் வேகத்தைத் தாண்டிவிட்டால் அறுப்பவன் தன் பேரனின் தொழிலை அறுக்கிறான். என் நட்டத்தை வைத்து ஒரு நாட்டின் காட்டை எடை போடக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

மில் விரிய வழியில்லாமல் போனதால்தான் விறகுக்குத் திரும்பினேன். அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது.

ஓர் ஐப்பசி முகூர்த்தத்துக்கு விறகு கேட்டார்கள். காய்ந்த விறகு இருப்பில் குறைவு. அடைமழை வேறு. அப்போதுதான் வெட்டிய சீமைக்கருவையைப் பாதிக்குப் பாதி கலந்து எடை போட்டு அனுப்பினேன். பச்சை மரம் பாதி எடை நீர். நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் காய்ந்தால் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். நன்றாகக் காய்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். அதற்குள் நீர் இருந்தால், அந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்த பின்னும் ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி செலவாகிவிடும். தீ குளிர்ந்துபோகும், எரியாத வாயு புகையாகும். கணக்கு இது. கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் அது எப்படி இருந்தது என்றால், உலை கொதிக்காமல் பந்தி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. சமையல்காரரின் உதவிக்கு வந்த பெண்கள் கண்ணைத் திறக்க முடியாமல் முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் சமையல்காரர் என் விறகு வாடிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "விறகுக்குக் காசு வாங்கினீங்க, சரி. தண்ணிக்குமாய்யா வாங்குவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து வாடியில் ஒவ்வொரு அடுக்கின் மேலும் வெட்டிய தேதியைச் சுண்ணாம்பால் எழுதி வைக்கத் தொடங்கினேன். வாங்குகிறவர் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு காய்ந்த கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று ஒலிக்கும், பச்சைக் கட்டை மொத்தென்று கேட்கும் என்பதையும் கேட்பவர்க்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஏமாற்றுகிற வழியை நானே அடைத்துக்கொண்டேன் என்று பக்கத்து வாடிக்காரர் சொன்னார். அதற்காகத்தான் செய்தேன். மனிதன் தன்னை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு.

2006-க்குப் பிறகு அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும் வீட்டு விறகு வியாபாரம் தேய்ந்தது. எத்தனையோ தாய்மார்களின் நெஞ்சில் புகை குறைந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. செங்கல் சூளையும் சாப்பாட்டுக் கடையும் கல்யாண மண்டபமும் இன்னும் விறகைக் கேட்கின்றன. சீமைக்கருவையோ வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. 1877 வாக்கில் விறகுக்காகவே வெளிநாட்டு விதையாகக் கொண்டுவரப்பட்ட மரம் அது. அதை ஏரியிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் அகற்றி எரிக்கிறவன் ஊருக்கு நன்மைதான் செய்கிறான். வேரோடு எடுத்தால்.

இப்போது அந்த வேலைக்குச் சங்கிலி ரம்பத்தோடு இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் ஒரு புழுவைப் பற்றிச் சொல்வேன். முதலில் வந்த சங்கிலி ரம்பங்களின் பற்கள் சீக்கிரம் மழுங்கின. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி விறகு பிளந்துகொண்டிருந்தார். அப்போது அடிக்கட்டை ஒன்றில் வண்டின் புழு நாரோடும் நாருக்குக் குறுக்காகவும் ஒரேபோல் தின்றுகொண்டு போவதைக் கண்டார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக வளைந்திருந்தன. அந்த வளைவை இரும்பில் செய்து சங்கிலியில் கோத்தார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிப் பல் அதன் வழியில் வந்ததுதான். விறகு பிளக்கிற நேரத்தில் ஒருவர் குனிந்து பார்த்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் தோப்புகளிலும் அந்த மாதிரிப் புழுக்களை ஆயிரம் பேர் கோடாலியால் நசுக்கியிருப்போம்.

கூடவே இதையும் சொல்வேன். லுங்கியோடும் செருப்போடும் சங்கிலி ரம்பத்தைத் தொடாதீர்கள். அதன் நுனியின் மேற்பக்கம் கட்டையில் பட்டால் கருவி கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். டிராக்டரில் சுழலும் திருகுக் கூம்பில் கட்டையைக் கொடுத்துப் பிளக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் தோள் துண்டோ கையுறையோ தளர்ந்த சட்டையோ கூடாது. அது மரத்தையும் துணியையும் பிரித்தறியாது. முடிந்தவரை எண்ணெய் அழுத்தத்தால் மெல்ல நகரும் பிளப்பானை வாங்குங்கள். இரண்டு கைகளாலும் இரண்டு பிடிகளை அழுத்தினால்தான் நகரும் அமைப்பாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கையும் பிடியில் இருக்கும்போது எந்த விரலும் பிளவில் இருக்காது. எங்கள் வாடியில் இப்போது அதை ஓட்டுகிறவர்கள் இரண்டு பெண்கள். முன்பு கட்டு சுமந்து பாதிக் கூலி வாங்கியவர்கள். இப்போது பிளப்பவர் கூலி முழுதாக வாங்குகிறார்கள்.

மரத்தில் உள்ளே இருப்பது வைரம், புறத்தே இருப்பது வெளிறு. அகத்தே வைரம் உள்ளதை மரம் என்றும் புறத்தே உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. வைரம் பாய்வதற்கு வழி ஒன்றே. உள் வளையங்கள் வேலை முடித்து அடங்க, ஆண்டுகள் போக வேண்டும். வேலைக்கு வரும் பிள்ளைகளை நான் ஒருமுறையாவது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கு அழைத்துப் போவேன். 1940-இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குக் காட்டிய கல்மரம் அங்கே கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது சேற்றில் புதைந்து கல்லானது. எங்கள் ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழங்கடலின் கொடைதான். அங்கே நான் எதுவும் பேசுவதில்லை. அறுப்பதையே தொழிலாகக் கொண்ட பிள்ளைகள் அறுக்க முடியாத ஒரு மரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

போன வாரம் மில்லில் ஒரு பூவரசங்கட்டை ஓடிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர் வண்டியோடு வாசலில் காத்திருந்தார், மழை இருட்டிக்கொண்டு வந்தது. டிராலிப் பக்கம் நின்ற பையனுக்குப் பத்தொன்பது வயது, சேர்ந்து எட்டு மாதம். கட்டை திரும்பும் இடைவெளியில் அவன் கையை உயர்த்தி, என்னைக் கேட்காமலே சுவிட்சை அணைத்தான். சக்கரம் சுற்றி ஓயும்வரை காத்திருந்தான். பிறகு நாடாவைக் கையால் மெல்ல நகர்த்தி ஒரு பல்லின் அடியைக் காட்டினான்.

என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. மயிரிழை. வண்டிக்காரரை நிழலில் உட்காரச் சொன்னேன். நாங்கள் இருவரும் சேர்ந்து நாடாவைக் கழற்றினோம்.